வேலையும் படிப்பும்: பணத்துக்கு என்ன வழி?



பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பகுதி நேர பி.ஈ. படித்த நாங்கள் நாலு பேர் கூடினால் எதைப் பேசுவோமோ அதையே பேசுகிறேன். வேறென்ன, பணம்தான்!

டிப்ளமோ முடித்து, கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே ஏழு செமஸ்டர், அதாவது மூன்றரை வருஷம், மாலை வகுப்பில் படித்தவன் நான். சேரும்போது எல்லோரும் "ஃபீஸ் எவ்வளவு?" என்றுதான் கேட்டார்கள். அது சின்னக் கணக்கு. சாயங்காலம் வகுப்பு என்றால் ஓவர்டைம் கிடையாது. எனக்கு அதில் மாசம் 2,000 ரூபாய் போனது. 42 மாசத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 84,000 ரூபாய்! நான் கட்டிய மொத்தக் கட்டணத்தைவிட அது அதிகம். ஆகவே தம்பிகளே, கணக்குப் போடும்போது கட்டணம், புத்தகம், பஸ் செலவோடு, வராமல் போகிற சம்பளத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது, மொத்தப் பணமும் முதல் நாளே கையில் இருக்க வேண்டியதில்லை. ஃபீஸ் ஆறு மாசத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. சம்பளத் தேதியிலேயே ஆறில் ஒரு பங்கை எடுத்து வங்கியில் தொடர் வைப்பாகப் போட்டால் அந்த நேரத்துக்குக் கை கொடுக்கும். சீட்டுப் போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். முன்னாடியே எடுத்தால் அது கடன். தள்ளி எடுக்கும் தொகைதான் அதற்கு வட்டி. கடைசியில் எடுத்தால்தான் அது சேமிப்பு.

வங்கிக் கல்விக்கடன் கேட்பதாக இருந்தால், பகுதி நேரப் படிப்புக்குத் தருவார்களா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். தன் சொந்தப் படிப்புக்கு வாங்கிய கடனுக்கும் வட்டிக்கு எட்டு வருஷம் வரை வருமான வரிச் சலுகை உண்டு. ஆனால் அசலுக்கு இல்லை. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன்னால் அங்கீகாரத்தைப் பாருங்கள். சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதியில்லாமல் தொலைநிலைக் கல்வியில் பொறியியல் பட்டம் கொடுத்தன. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மறுபடி தேர்வெழுத வேண்டி வந்தது. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பட்டமே ரத்து. கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். சரி, ராத்திரி முழித்துப் படித்த வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

இனி மூத்தவர்களிடம் ஒரு விண்ணப்பம். என் பேட்ச்சில் பாதியில் நின்றவர்கள் பாடம் வராமல் நிற்கவில்லை. ஃபீஸ் கட்ட வேண்டிய மாசத்தில் தங்கச்சி கல்யாணமோ, அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவோ வந்தது, நின்றார்கள். உதவித்தொகை கேட்டுப் போனால் "உனக்குத்தான் சம்பளம் வருதேப்பா" என்பார்கள். வெளியே கடன் வாங்கினால் வட்டி சம்பளத்தைத் தின்னும். இப்படி நடுவில் மாட்டிக்கொள்கிறவர்களுக்காக நம் சங்கம் ஒரு சுழல் நிதி தொடங்கலாம். ஒரு செமஸ்டர் கட்டணத்தை வட்டியில்லாமல் கொடுப்போம். வாங்கியவர் ஆறு மாதத் தவணையில் திருப்பட்டும். அதே பணம் அடுத்தவருக்குப் போகட்டும். ஒருவர் போட்ட ஒரு செமஸ்டர் பணம், ஒழுங்காகத் திரும்பி வந்தால், மூன்றரை வருஷத்தில் ஏழு பேரைத் தாங்கும். தானமாகக் கேட்கவில்லை, அய்யா, கைமாற்றாகக் கேட்கிறேன். வேலை பார்த்துப் படிக்கிறவன் அதைத்தான் கூச்சமில்லாமல் வாங்குவான்.

முதல் செமஸ்டர் தொகையை நான் எழுதிக்கொள்கிறேன். அடுத்த பெயர் யாருடையது என்று இன்றைக்கே தெரிந்தால் சந்தோஷப்படுவேன்.