மாயப் புனைவும் வளரிளம் வாசகரும்



சிங்கப்பூரில் திரைப்படத்திற்குப் பிஜி13, என்சி16, எம்18 எனத் தரம் குறிக்கப்படுகிறது. நூலுக்கு அத்தகைய முத்திரை இல்லை. இளையர் பகுதியில் 13 வயதினரும் 17 வயதினரும் ஒரே தட்டில்தான் கைவைக்கின்றனர்.

சாரா ஜே. மாஸ் எழுதிய 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' 2015இல் இளையர் நூலாக வெளிவந்தது. 2020இல் அதுவே புதிய அட்டையுடன் பெரியோர்க்குரிய நூலாயிற்று. ஆகவே, அடுக்கை நம்பிப் பயனில்லை.

பெற்றோர் பலர் நூலைப் புரட்டிக் கூசும் சொற்களைத் தேடுகின்றனர். மொழியியல் பயின்ற நமக்கு இவ்வழக்கம் வியப்பளிக்கிறது. சொல்லை எண்ணினால் பொருள் கிட்டுமா? களவொழுக்கம் கூறும் அகப்பாடல்களை நாமே வகுப்பில் கற்பிக்கிறோம் அன்றோ!

மாஸின் முதற்பாகத்தில் ரைசாண்ட் என்பான் கதைத்தலைவி ஃபெய்ராவை இரவுதோறும் மயக்கும் மதுவைப் பருகச் செய்து, பலர் முன்னே ஆட வைக்கிறான். இரண்டாம் பாகத்தில் அவனே காதலன். முன்பு செய்தது அவளைக் காக்கவே என்று கதை சமாதானம் சொல்கிறது. படுக்கையறைப் பக்கங்களைக் காட்டிலும் இந்தச் சமாதானமே நம்மை உறுத்துகிறது.

2008இல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' நூலிலோ சிறுவர் சிறுவரைக் கொல்கின்றனர்; கருவே கொடிது. எனினும் ரூ என்னும் சிறுமி இறந்ததும் காட்னிஸ் அவளுடலைப் பூக்களால் அணிசெய்கிறாள். ஆட்டம் முடிந்தபின்னும் தீக்கனவுகள் அவளை விடுவதில்லை. எந்த மரணமும் அங்கு மலிவாகக் கழிவதில்லை. நம் கணிப்பில், 13 வயதினர் கையில் கொடுக்கத் தக்கது இதுவே.

காலத்தையும் கருதவேண்டும். ஹாரி பாட்டரின் ஏழு பாகங்கள் 1997 முதல் 2007 வரை வெளிவந்தன. அன்றைய சிறுவர் காத்திருந்து, கதையோடு வளர்ந்தனர். இன்றைய ஒன்பது வயதுப் பிள்ளை ஒரே டிசம்பர் விடுமுறையில் இறுதிப் போர்வரை சென்றுவிடுகிறது. தொடர்நூலாயின் முதற்பாகத்தை மட்டும் படித்து இசைவளித்தல் போதாது.

இந்நாட்டுத் தமிழ் இல்லங்களில் வேறோர் இடர்ப்பாடும் உண்டு. பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கிறது. தாயின் தமிழோ சாப்பாடு, பள்ளி, தேர்வு என்பவற்றோடு நின்றுவிடுகிறது. விருப்பம், இசைவு, வற்புறுத்தல் ஆகியன பற்றி இருவர்க்கும் பொதுவான சொற்கள் இல்லாமையால், நூலைப் பறித்து வைப்பதே பேச்சாகிவிடுகிறது. பிள்ளையும் அதைக் கைப்பேசியில் படித்து முடிக்கிறது. "அவன் அவளை அப்படிக் குடிக்க வைத்தது சரியா, கண்ணு?" என்று கேட்பதற்குக் கலைச்சொல் எதுவும் வேண்டியதில்லை. கேட்டபின் சற்றுநேரம் வாய்திறவாது இருக்கவும் வேண்டும்.