தோட்டத்திற்கும் ஓர் அட்டவணை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் தோட்டக் குழு வரும் ஆண்டில் நடத்தவிருக்கும் சொற்பொழிவுகளையும் சுற்றுலாக்களையும் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் தாவர நூல் கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கோப்புகளோடு காலம் கழிக்கும் இரயில்வே குமாஸ்தா. ஆயினும் வண்டிகளின் கால அட்டவணையை நாள்தோறும் பார்ப்பவன் ஆதலின், செடிகொடிகளுக்கும் ஓர் அட்டவணை உண்டு என்று சொல்லத் துணிகிறேன்.

கூட்டங்களுக்கு வருவோர் குறைந்துவிட்டபடியால் இக்குழுவைக் கலைத்துவிடலாம் என்றொரு கருத்து செயற்குழுவில் எழுந்தது. குடியிருப்போ இரயில்வேக்குச் சொந்தம். மாற்றல் உத்தரவு எப்போது வருமோ தெரியாது. இங்கே மரம் வைப்பானேன் என்று கேட்போரும் உளர். அதற்கு விடை கூறுமுன், நிகழ்ச்சி நிரலைச் சற்றே நோக்குவோம்.

சித்திரையில் முதற் சொற்பொழிவு மண்ணைப் பற்றியது. நம் கரக்பூர் மண் சரளை கலந்த செம்மண். அதில் இரும்பு மிகுதி. மக்கிய பொருளோ குறைவு. புளிப்புத் தன்மையும் உண்டு. காவிரிக் கரை வண்டலில் பழகிய கை, இங்கே ஒரு சாண் குழி பறித்துக் கன்றை ஊன்றுகிறது. அது கருகியதும், ‘வங்காள மண் நமக்கு ஒத்து வராது’ என்று கைவிட்டுவிடுகிறது. குற்றம் மண்ணினது அன்று. கோடையிலேயே மூன்றடி ஆழக் குழி தோண்டி ஆறவிட்டு, சிறிது சுண்ணாம்பு தூவி, சில வாரம் சென்றபின் தொழு உரமும் இலை மக்கும் கலந்து நிரப்பினால், அதே மண் மாவையும் பலாவையும் தாங்கும்.

ஜூலை முதல் வாரத்தில் வனமகோத்சவம். 1950-ஆம் ஆண்டில் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி தொடங்கிவைத்த விழா இது. அன்று முருங்கைப் போத்தும் கறிவேப்பிலைக் கன்றும் வழங்கப்படும். முருங்கைப் பூவைச் சமைத்துண்ணும் முறையை அண்டை வீட்டு வங்காளத் தாய்மார் நம் மகளிர்க்கு எடுத்துரைக்க இசைந்துள்ளார்கள்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நம் ஊர் மழையைக் கண்டு பிறந்த பழமொழி. இந்நாட்டில் ஆடியில் பெருமழை நடுவழியில் இருக்கும். மேட்டுப் பாத்தி இல்லாவிடில் விதை அழுகும். நம் ஊரில் ஐப்பசி அடைமழைக் காலம். இங்கோ பூசை முடிந்து வானம் வெளுக்கும் காலம். ரோஜாவைக் கவாத்து செய்வதும், கோசும் காலிபிளவரும் பட்டாணியும் பயிரிடுவதும் அப்போதுதான். ஊர் அட்டவணையை வைத்துக்கொண்டு வேற்றூர் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கலாகுமா? ஆகவே ஐப்பசிக் கூட்டத்தில் குளிர்காலப் பயிர்களைப் பற்றி விரிவாகப் பேசுவோம்.

தை மாதத்தில் முதற் சுற்றுலா. ஹௌரா வழியில் பான்ஸ்குடாவை அடுத்த கீராய்க்குச் செல்வோம். கரக்பூருக்கும் மேதினிபூருக்கும் இடையே ஓடும் அதே கங்சாவதி ஆறு அங்கும் பாய்கிறது. அதன் கரையில் சாமந்தியும் துலுக்கச் சாமந்தியும் கோழிக்கொண்டையும் வயல் வயலாகப் பூத்திருக்கும். குழந்தைகள் பார்த்துக் களிக்கட்டும். பெரியோர் உழவரிடம் பதியன் முறையைக் கேட்டறியட்டும்.

மாசியில் ஷிப்பூர்த் தாவரத் தோட்டம். 1787-இல் கர்னல் ராபர்ட் கிட் நிறுவிய அது, 2009 முதல் ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் பெயரைத் தாங்குகிறது. நான்கு ஏக்கருக்கு மேல் பரந்த அங்குள்ள ஆலமரத்திற்கு அடிமரம் கிடையாது. பூசணம் பற்றியதால் 1925-இல் அதை அகற்றிவிட்டார்கள். அன்று முதல் விழுதுகளே மரத்தைத் தாங்குகின்றன. 2020-இல் வீசிய அம்பன் புயலில் ஒரு பகுதியை இழந்தும் அது நிலைத்து நிற்கிறது. பிறந்த மண்ணை விட்டு வந்த நாம் நம் மக்களுக்கு அவசியம் காட்ட வேண்டிய மரம் அன்றோ அது!

இனி, முன்னர்க் கூறிய கேள்விக்கு வருகிறேன். நம் கொல்லைகளில் காய்க்கும் மாமரங்களை நட்டவர் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்கும் மாற்றல் வந்திருக்கும். நட்டவர் போய்விட்டார், நாம் மாவடு ஊறுகாய் போடுகிறோம். நாம் வெறுந்தரையாக விட்டுச் சென்றால் பின்வருவோர் எதைப் பறிப்பார்கள்?

அலுவலகத்தில் இடம் மாறும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் எழுதுகிறோம். வீட்டைக் காலி செய்யும்போதும் ஒரு தாளில், எந்த மூலையில் எந்தக் கன்று, எந்த ஆண்டு நட்டது, எந்த மாதத்தில் உரமிடுவது என்று எழுதி, சாவியோடு வைத்துச் செல்லுங்கள். வருபவர் தமிழரோ, தெலுங்கரோ, வங்காளியோ, யாராயினும் சரியே. அத்தாளை எழுதும் அறிவைத் தருவதற்கே இக்குழு இருக்கிறது. ஆதலின் இதைக் கலைக்காமல், சித்திரைக் கூட்டத்திற்குக் குடும்பத்தோடு வந்து ஆதரிக்குமாறு வேண்டி அமர்கிறேன்.