அனுப்ப பி.டி.எஃப்., வைத்திருக்க வேர்டு கோப்பு

(இனயத்தில் நடந்த நமது சங்கக் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு, கூட்டத் தீர்மானம், அலுவலகங்களுக்குக் கொடுக்கும் மனு எல்லாமே இப்போது வாட்ஸ்அப்பில்தான் போகின்றன. வளைகுடாவில் வேலை செய்யும் வீட்டு உரிமையாளர்களும் கைப்பேசியில்தான் அவற்றைத் திறக்கிறார்கள். வேர்டு கோப்பாக அனுப்பினால் சிலருக்கு எழுத்து மாறிவிடுகிறது. சிலருக்குக் கணக்கு அட்டவணை குலைந்து தொகை ஒரு வரி தள்ளி நிற்கிறது. பிறகு அதை வைத்தே சண்டை.

காரணம் எளிது. வேர்டு கோப்புக்குள் பொதுவாக எழுத்தின் வடிவம் இருப்பதில்லை. எழுத்துக்கான குறியீட்டு எண்ணும் எழுத்துருவின் பெயரும்தான் இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்திருந்தார்கள். பாமினியில் அடித்த 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் தமிழக அரசு 2010-ல் ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, அங்கீகரித்தது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடித்துத் தரும் டி.டி.பி. மையங்கள் இன்றும் உண்டு. அங்கே கொடுக்கும்போது, "யூனிகோடில் அடித்துத் தாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பி.டி.எஃப். இந்தச் சிக்கலுக்காகவே வந்தது. அடோபி நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. 2008-ல் அது பன்னாட்டுத் தரமாகவும் ஆனது. எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே சேர்த்துக் கட்டி அனுப்ப முடிவதால், நீங்கள் பார்த்த பக்கத்தையே எதிரில் இருப்பவரும் பார்ப்பார்.

மாற்றுவது கடினமல்ல. வேர்டில் 'ஃபைல்', 'சேவ் ஆஸ்' போய், வகையில் பி.டி.எஃப். என்பதைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆஃபீஸில் 'எக்ஸ்போர்ட் ஆஸ் பி.டி.எஃப்.' என்று இருக்கும். கைப்பேசியில் கூகுள் டாக்ஸ் வைத்திருப்பவர்கள் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, 'ஷேர் அண்ட் எக்ஸ்போர்ட்', பிறகு 'சேவ் ஆஸ்' போகலாம். துணைவிதி, தீர்மானம் போல நெடுங்காலம் இருக்க வேண்டியவற்றுக்கு, வேர்டின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் பி.டி.எஃப்./ஏ என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஆவணக் காப்புக்கென்றே 2005-ல் வந்த தரம் அது.

மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று, இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்களில் ஆதார் எண், வங்கிக் கணக்கு உள்ள கோப்பை ஏற்றாதீர்கள். அது யாரோ ஒருவருடைய கணினிக்குப் போகிறது. உங்கள் கணினியிலேயே வசதி இருக்கும்போது அது தேவையில்லை.

இரண்டு, பி.டி.எஃப். முத்திரை அல்ல. அதையும் திருத்த மென்பொருள் உண்டு. இ-ஆதாரில் இருப்பது போன்ற மின் கையொப்பம் இருந்தால்தான் திருத்தியது தெரியவரும். ஆகவே கையெழுத்திட்ட தீர்மானப் புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

மூன்று, பி.டி.எஃப். ஆனதும் வேர்டு கோப்பை அழித்துவிடாதீர்கள். பி.டி.எஃப்.பிலிருந்து தமிழைப் பிரதி எடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் பல நேரம் இடம் மாறி விழும். அடுத்த ஆண்டு அதே மனுவைத் திருத்த வேண்டுமென்றால் முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான். தாளைப் படம் பிடித்துச் செய்த பி.டி.எஃப். என்றால், அதற்குள் ஒரு பெயரைத் தேடக்கூட முடியாது.

2017-ல் ஒக்கி அடித்த பிறகு, ஒரு தாளின் மதிப்பு என்ன என்று இந்தக் கடற்கரைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனவே ஒரு வேண்டுகோள்: சங்கக் கணினியில் ஆண்டு வாரியாக இரண்டு கோப்புறைகள் வையுங்கள். ஒன்றில் வேர்டு கோப்புகள், மற்றொன்றில் அனுப்பிய பி.டி.எஃப்.கள். இரண்டின் நகலும் வேறொரு வீட்டில் ஒரு பென் டிரைவில் இருக்கட்டும். பொறுப்பாளர்கள் மாறினாலும் கணக்கும் தீர்மானமும் கைமாறாமல் போகக் கூடாது. எதையும் குழுவில் போடும் முன், ஒரு கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்.