பிள்ளை ஏன் வரவில்லை?



அண்ணல் அம்பேத்கரின் நினைவாக மொரப்பூரில் கூடியிருக்கிறோம். அண்ணலைப் பற்றிப் பேச வந்தால் கொலம்பியா, லண்டன் என்று அவர் பெற்ற பட்டங்களை வரிசையாகச் சொல்வது நம் வழக்கம். இன்று அந்தப் பட்டங்களுக்கெல்லாம் முன்னால் வந்த ஒரு சாக்கிலிருந்து தொடங்குவோம். சதாராவில் படித்த காலத்தில் அவர் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது. வீட்டிலிருந்து ஒரு சாக்கை எடுத்துப்போய், அதன்மேல் தனியாக உட்கார்ந்து படித்து, சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பள்ளியைப் பெருக்குகிறவர்கூட அந்தச் சாக்கைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் பியூன் குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் படித்துத் திரும்பிய பிறகும் அவர் அந்தச் சாக்கை மறக்கவில்லை. தன் கையால் எழுதி வைத்தார்.

நம் தன்வரலாறுகளை எடுத்துப் பாருங்கள். பாமாவின் ‘கருக்கு’, கே.ஏ. குணசேகரனின் ‘வடு’, ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ என்று எதைத் திறந்தாலும் பள்ளிக்கூடம் வருகிறது. நமக்கு எழுத்தைக் கொடுத்த இடமும் அதுதான், இழிவை முதலில் பாடமாக நடத்திய இடமும் அதுதான். இந்த இரண்டும் ஒரே கட்டடத்தில் நடப்பதுதான் நம் பிள்ளைகளின் சிக்கல்.

இப்போது பதின்பருவத்தினரின் உளநலம் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். நல்லதுதான். 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் காரணம் கேட்டால் செல்போன், தேர்வு பயம், வயதுக் கோளாறு என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எந்தப் பிள்ளை, எந்தத் தெரு, வகுப்பில் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. உளநலம் என்பது மண்டைக்குள் மட்டும் இருக்கும் சமாச்சாரம் என்றால் மாத்திரையும் தியானமும் போதும். உட்காரும் இடத்திலும், கூப்பிடும் பெயரிலும், முறையிட்டால் கிடைக்கும் பதிலிலும் அது இருக்கிறது என்றால் பள்ளிக்கூடத்தைத்தான் விசாரிக்க வேண்டும். அந்த விசாரணையை நாம் ஒரு சின்னக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்: பிள்ளை ஏன் வரவில்லை?

நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவன், நன்றாகப் படிக்கிறவன், சில நாட்களாகப் பள்ளிக்குப் போகவில்லை. விசாரித்த பிறகுதான், சக மாணவர்கள் சிலர் அவனைச் சாதியைச் சொல்லித் துன்புறுத்துவதும் ஏவல் வேலை வாங்குவதும் வெளியே வந்தது. அவன் பள்ளியில் முறையிட்டான். 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் அவனோடு படித்தவர்கள், அவர்களும் சிறுவர்கள். மறு ஆண்டு மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தபோது அந்தத் தம்பி 600க்கு 469 மதிப்பெண் எடுத்திருந்தான். நாடே பாராட்டியது. நாமும் பாராட்டினோம். ஆனால் பாராட்டில் ஒரு விஷயம் மறைந்துபோகக் கூடாது. அரிவாள் வருவதற்கு முன்பே அவன் செய்தி அனுப்பிவிட்டான். வராமல் இருந்ததுதான் அந்தச் செய்தி.

பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒரு பிள்ளைக்குத் தன் அவமானத்தைச் சொல்ல வார்த்தை இருக்காது. சொன்னால் வீட்டில் அம்மா அழுவாள், அப்பா வேலையை விட்டுவிட்டு வருவார், ஊரில் சண்டை வரும் என்று அதற்குத் தெரியும். ஆகவே தலைவலி என்கிறது, வயிற்றுவலி என்கிறது. பிறகு வேலைக்குப் போகிறேன் என்கிறது. பள்ளிக்கூடம் அதைச் சோம்பேறித்தனம் என்கிறது. வீட்டில் ‘அவனுக்குப் படிப்பு ஏறல’ என்கிறோம். வருகைப் பதிவேட்டில் ஒரு குறி விழுகிறது, எமிஸ் செயலியில் ஓர் எண் ஏறுகிறது. வரவில்லை என்பதற்குக் கட்டம் உண்டு. ஏன் என்பதற்குக் கட்டம் இல்லை.

நம் பகுதியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. மொரப்பூரிலும் அரூர்ப் பக்கத்திலும் எத்தனை வீடுகளில் தாயும் தகப்பனும் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போயிருக்கிறார்கள்! பிள்ளை பாட்டியோடு இருக்கிறது. பள்ளியிலிருந்து போன் வந்தால் எடுக்க ஆள் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்குப் போக ஆள் இல்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் பாதி வீடு. அந்தப் பாதி வீட்டிலும் இடமில்லை என்றால் அது எங்கே போகும்? பையனாக இருந்தால் ரயிலேறும். பெண்ணாக இருந்தால், பத்தாம் வகுப்பு விடுமுறையில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள்.

2012 நவம்பர் 7ஆம் தேதியை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளில் வீடுகள் எரிந்தபோது பள்ளிப் புத்தகங்களும் சான்றிதழ்களும் சேர்ந்து எரிந்தன. வீடுகளுக்கு இழப்பீடு கணக்குப் போட்டார்கள். சான்றிதழுக்கு நகல் வாங்கலாம். ஆனால் வீடிழந்த காலனிப் பிள்ளை, அதே வட்டாரத்தின் ஊர்ப் பிள்ளைகளோடு அடுத்த வாரம் ஒரே வகுப்பில் எப்படி உட்கார்ந்தது? அதன் மனதில் என்ன ஓடியது? அந்தக் கணக்கு எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

‘மனம் நொந்தால் படிப்பு குறையும் என்பதெல்லாம் சாக்கு’ என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வோம். உத்தரப் பிரதேசத்தின் கிராமப்புறத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் நடத்தியது. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 642 பேர், பாதிப் பேர் உயர்சாதி, பாதிப் பேர் ஒடுக்கப்பட்ட சாதி. காகிதத்தில் வரைந்த புதிர்ப்பாதைகளைத் தீர்க்கச் சொன்னார்கள். தீர்ப்பதற்கேற்பக் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாமல் வைத்தபோது இரு தரப்பும் ஏறக்குறைய சமமாகச் செய்தார்கள். வேறு குழுக்களில் ஒவ்வொருவரின் பெயரையும் சாதியையும் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்துவிட்டு அதே புதிரைக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் திறன் சட்டென்று சரிந்தது. புதிர் அதேதான். வேறுபட்டது ஓர் அறிவிப்பு மட்டும்தான்.

இப்போது நம் வகுப்பறைக்கு வாருங்கள். ‘எஸ்.சி. பசங்கல்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு’ என்ற குரலைக் கேட்காமல் பள்ளியைத் தாண்டியவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? உதவித்தொகை நம் உரிமை. அதைக் கொடுக்கும் விதத்திலேயே பிள்ளையை எழுப்பி நிறுத்தி அடையாளம் காட்டிவிடுகிறார்கள். அன்று மதியம் நடத்தும் கணக்குப் பாடம் அந்தப் பிள்ளையின் காதில் எப்படி ஏறும்?

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்ற கறுப்பின உளவியல் தம்பதியர் கறுப்புக் குழந்தைகள் முன்னால் ஒரு வெள்ளைப் பொம்மையையும் ஒரு கறுப்புப் பொம்மையையும் வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பிரிவினை பிள்ளைகளின் மனதில் தாழ்வுணர்ச்சியை விதைக்கிறது என்பதையே முக்கியக் காரணமாகக் காட்டியது. பிள்ளையின் மனக்காயம் அங்கே அரசியல் சட்டக் கேள்வியானது. இங்கே அது இன்னமும் கவுன்சிலிங் கேள்வியாகவே நிற்கிறது.

நாங்குநேரிக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூன் 18ஆம் தேதி அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, மாணவர்களைச் சாதியைக் குறித்து அழைக்கக் கூடாது, பள்ளிகளின் பெயரிலிருந்து சாதியை நீக்க வேண்டும், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கயிற்றைப் பற்றி நிறைய விவாதம் நடந்தது. பதிவேட்டைப் பற்றி அவ்வளவு நடக்கவில்லை. கயிறு பிள்ளை கட்டிக்கொண்டு வருவது, பதிவேடு பள்ளிக்கூடமே எழுதுவது. இரண்டில் எதைத் திருத்துவது எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

கயிறு கட்டிய பிள்ளையைப் பற்றியும் நாம் பேசியாக வேண்டும். அரிவாள் எடுத்த அந்தச் சிறுவர்கள் பிறக்கும்போதே வெறுப்போடு பிறக்கவில்லை. வீடும் தெருவும் சாதிச் சங்கத்தின் சுவரொட்டியும் கற்றுக்கொடுத்தன. அதை மறக்கச் செய்ய வேண்டிய பள்ளிக்கூடம் கண்ணை மூடிக்கொண்டது. பதினேழு வயதில் ஒருவன் தன் பெருமையை இன்னொருவனின் முதுகில்தான் தேட முடியும் என்றால் அவன் மனமும் நோயுற்றிருக்கிறது. சாதி நம்மைக் காயப்படுத்துகிறது, அவர்களை ஊனப்படுத்துகிறது. சாதி ஒழிப்பு அவர்களின் உளநலத்துக்கும் தேவை என்று நாம் சொல்வது இதனால்தான்.

பெண்பிள்ளைகள் நிலை இன்னும் சிக்கலானது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், பூப்படைந்த எட்டாம் வகுப்புத் தலித் மாணவியை வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வு எழுத வைத்தார்கள். 2022 இறுதியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானார். இந்தச் செய்திகள் ஒரு தாய் கேட்டதால் வெளியே வந்தவை. கேட்க ஆளில்லாத இடங்களில் பிள்ளை வராமல் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் பள்ளிக்கூடம் இப்படித்தான் இருக்க முடியும் என்று நினைக்க வேண்டாம். புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, 1855இல் தன் 14ஆம் வயதில், மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அது ‘ஞானோதயா’ இதழில் அச்சேறியது. 170 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தலித் சிறுமியின் காயம் கட்டுரையானதற்குக் காரணம், அவளிடம் கேள்வி கேட்ட ஒரு வகுப்பறை. நம் மண்ணில் அயோத்திதாசர் காலத்துப் பஞ்சமர் பள்ளிகளும், 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் பள்ளியும் எழுத்தோடு நிமிர்வையும் சேர்த்தே கொடுத்தன. அந்த மரபு நம்முடையது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று, மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒரு பிள்ளை வரவில்லை என்றால், அந்தப் பிள்ளை நம்பும் ஒருவர் வீட்டுக்குப் போய், திட்டாமல், ஏன் என்று கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நம் பெண்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.

இரண்டு, பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். யாருக்கு எதிராகப் புகாரோ அவரிடமே சாவி இருந்தால் பிள்ளை சீட்டுப் போடாது. பெற்றோர் முன்னிலையில் திறக்கச் சொல்லுங்கள்.

மூன்று, முறையிட்ட பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும். புகார் வந்த அன்றே வீட்டுக்குச் சொல்ல வேண்டும், அன்று அந்தப் பிள்ளை தனியாகத் திரும்பக் கூடாது. நாங்குநேரி நமக்கு ரத்தத்தால் எழுதிக் காட்டிய பாடம் இது.

நான்கு, உதவித்தொகை விவரத்தைத் தனியே அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு காசு செலவில்லாத மாற்றம்.

ஐந்து, விடுதிகளைப் பாருங்கள். 2025 ஜூலையில் அரசு ஆதிதிராவிடர் நல விடுதிகள் உள்ளிட்டவற்றுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றுவதாக அறிவித்தது. வரவேற்போம். கூடவே கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் பேசக் காப்பாளர் தங்குகிறாரா என்றும் பார்ப்போம்.

ஆறு, காலனிதோறும் ஒரு மாலைப் பாடசாலை. ட்யூஷனுக்காக மட்டும் இல்லை. அன்று பள்ளியில் என்ன நடந்தது என்று பிள்ளைகள் பேசவும் எழுதவும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முக்தா சால்வேக்கள் அங்கிருந்துதான் வருவார்கள்.

கடைசியாக இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 2008இல் நம் பக்கத்து சேலம் மாவட்டத்துச் செந்தில்குமாரை இழந்தோம், 2016இல் ரோஹித் வெமுலாவை இழந்தோம். இன்னொருவரை இழக்க நம்மிடம் ஆள் இல்லை. உங்களைச் சிறுமைப்படுத்துகிறார்கள் என்றால் குற்றம் உங்களிடம் இல்லை. மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள். பதினெட்டு வயதுக்குள் யாராவது கட்டாயக் கல்யாணம் பேசினாலோ கை நீட்டினாலோ 1098. அதற்கு முன்னால் உங்கள் தெருவில் இருக்கும் எங்களில் ஒருவரின் கதவைத் தட்டுங்கள். எந்த நேரமானாலும் தட்டுங்கள்.

உங்கள் பக்கத்து இருக்கை நாளைக்குக் காலியாக இருந்தால், சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய், ‘ஏன்டா வரல?’ என்று கேளுங்கள். அமைப்பாவதன் முதல் பாடம் அதுதான்.

ஜெய்பீம்.