கண்ணாடியில் ஈரம்: உள்ளேயா, வெளியேயா?

இன்னைக்கு கார் கண்ணாடி பற்றி ஒரு சின்ன விஷயம். சின்னதுதான், ஆனா போன நவம்பர்ல என் கையை நடுங்க வெச்ச விஷயம்.

மழை விட்ட ராத்திரி. நீலாங்கரையிலிருந்து ஈசிஆர் வழியா திருவான்மியூர் வந்துட்டு இருந்தேன். ஏசி 18-ல. கொட்டிவாக்கம் வந்ததும் முன்கண்ணாடி வெளுத்துப் போச்சு. உள்ளே கையால துடைச்சேன், மாறலை. ஏசி காற்றைக் கண்ணாடி மேலேயே திருப்பினேன், இன்னும் மோசம். ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ரோட்டைக் கடக்கிறது, ரொம்பக் கிட்ட வந்த பிறகுதான் தெரிஞ்சது. பிரேக் அடிச்சு நிறுத்தினேன். பக்கத்துல இருந்த நண்பன், "டேய், வைப்பர் போட்டுப் பாரேன்"னான். மழைதான் இல்லையேன்னு நினைச்சுக்கிட்டே போட்டேன். ஒரே வீச்சு, ரோடு தெளிவா தெரிஞ்சது.

அதாவது, ஈரம் இருந்தது வெளிப்பக்கம்!

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணி பாட்டில் வெளியே வேர்க்குது இல்லையா, அதே கதைதான். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம்னு வெச்சுக்குங்க. அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளைத் தொட்டாலும் நீர் படியும். இதுக்குப் பேர் பனிநிலை. கடற்கரையோரம் நம்ம ஏசி கண்ணாடியை அதுக்கும் கீழே குளிர வெச்சிடுது.

அதனால முதல் சோதனை: வைப்பர் போடுங்க, இல்லைன்னா உள்ளே விரலால ஒரு கோடு போடுங்க.

வைப்பரில் போனா ஈரம் வெளியே. ஏசியை 25, 26-க்கு ஏத்துங்க. காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பி முகத்துக்கோ காலுக்கோ விடுங்க.

விரல் கோடு விழுந்தா ஈரம் உள்ளே. நம்ம மூச்சு, நனைஞ்ச சட்டை, குடை, மேட் எல்லாம் சேர்ந்து செய்யுற வேலை. இதுக்கு வைத்தியம் நேர்மாறு: ஏசியை ஆன்லயே வெச்சு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்க. உள்காற்றே சுத்துற பட்டனை ஆஃப் பண்ணுங்க. ஏசி காற்றிலிருக்கிற ஈரத்தைப் பிழிஞ்சு எடுத்துடும். தெளிஞ்சதும் காற்றைத் திருப்பிடுங்க, இல்லைன்னா வெளிப்பக்கம் படிய ஆரம்பிக்கும்.

வாரம் ஒருமுறை உள்கண்ணாடியைச் சுத்தமான துணியால துடைங்க. அழுக்குப் படலத்துல ஈரம் சீக்கிரம் ஒட்டும்.

எதுவும் தெரியலைன்னா? ஹசார்ட் லைட் போட்டு ஓரமா நிறுத்துங்க. ரெண்டு நிமிஷம்தான் போகும். அன்னைக்கு நான் அதைச் செஞ்சிருக்கணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.