சடையே கவசம்

ஹங்கேரி நாட்டின் பரந்த புல்வெளிகளிலே செம்மறி மந்தைகளைக் காத்துவந்த நாயினம் கொமண்டோர். மந்தையின் நடுவே அது படுத்திருந்தால், ஆடு எது, நாய் எது எனக் கண்டறிதல் அரிது. ஓநாயின் பல் எளிதில் தோலைத் தீண்டாவண்ணம் தடித்த வெண்சடைகள் அதன் உடலை மூடியிருக்கும்.

குட்டியின் சுருள்மயிர் ஓராண்டளவிலே சடையாகத் தொடங்கும். உள்ளே உதிரும் மென்மயிர் வெளியிலுள்ள முரட்டு மயிரிற் சிக்கித் திரள்வதே சடை. இதற்குச் சீப்பு உதவாது. ஒவ்வொரு சடையையும் தோல்வரை விரலாற் பிரித்துவிடல் வேண்டும். பிரிக்காதுவிட்டால் சடைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய்போலாகும். காற்றுப் புகாத தோலிலே புண் தோன்றும். குளிப்பாட்டினாலோ, முற்றாக உலர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடித்து நாறும்.

இரண்டாம் உலகப் போரினால் மிகவும் அருகிப்போன இவ்வினம், இன்று பல நாடுகளில் வீடுகளிலும் வளர்கின்றது. ஆயினும் அதன் காவற்குணம் மாறவில்லை. அந்நியரை அது இலகுவில் நம்பாது. தோற்றத்தை மட்டும் கண்டு அதனை வாங்கிப் பேணாது விடுவோர், கவசமாய் அமைந்த சடையையே அதற்குச் சிறையாக்கிவிடுகின்றனர்.