கைவேலைக்குக் கடைக்கு ஓட வேண்டாம்

(பல்லேபொலவில் தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசும் சங்க மேடையில் இன்று பசை, தீக்குச்சி, மஞ்சள் தூள் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதுவும் நம் சம்பளத்தோடு சேர்ந்த பிரச்சினைதான்.

நம் நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூல் இலவசம். 1993 முதல் சீருடைத் துணியும் இலவசம். ஆனால், "நாளைக்குப் பிரிஸ்டல் போர்ட், மினுக்குக் கடதாசி, பசைப் போத்தல் கொண்டு வரச் சொன்னாங்க" என்று பிள்ளை வந்து நின்றால், அது நம் மடியிலிருந்துதான் போக வேண்டும். அரைப்பேர் போட்ட கிழமையில் எந்தத் தாயால் அதை வாங்க முடியும்?

கைவேலை நாளில் சில பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை. கேட்டால் காய்ச்சல் என்பார்கள். காய்ச்சல் இல்லை, வெறுங்கையோடு வர வெட்கம். அன்றைக்கு அந்தப் பிள்ளை இழப்பது கைவேலையை மட்டுமல்ல, கணக்குப் பாடமும் வாசிப்பும் சேர்ந்தே போகின்றன. வீட்டில் இருப்பதை வைத்தே செய்யக்கூடிய மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பசை. ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை அரைக் கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். சிறு நெருப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். பளபளப்பாகி, கரண்டியில் ஒட்டும் பதம் வந்ததும் இறக்கி ஆற வையுங்கள். கடதாசி, அட்டை, துணி எல்லாம் ஒட்டும். வைத்திருந்தால் புளித்துவிடும், கொஞ்சமாகவே காய்ச்சுங்கள். தேர்தலுக்குப் போஸ்டர் ஒட்டிய அண்ணன்மாருக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை!

இரண்டாவது, நிறம். ஆலாத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்வதால். அதையே தாளில் செய்யலாம். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காய வையுங்கள். சவர்க்காரத் தண்ணீரில் ஈர்க்கைத் தோய்த்து எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். அதன்மேல் தேசிக்காய்ச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகும். அமிலம், காரம் என்ற விஞ்ஞானப் பாடம் நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

மூன்றாவது, தீக்குச்சி. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில், 1972இல் 16 கிராமப் பள்ளிகளில், பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்து விஞ்ஞானம் படிக்கும் திட்டம் ஒன்று தொடங்கியது. 1978இல் அங்கே போன அரவிந்த் குப்தா என்ற பொறியியலாளர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்தே எத்தனையோ உருவங்கள் செய்ய வழி காட்டினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாமும் செய்யலாம். பெரியவர்கள் குச்சித் தலையைத் தண்ணீரில் நனைத்துச் சுரண்டி எடுத்துக் கொடுங்கள். டியூபை நக அகலத்துக்கு வெட்டி, இரு பக்கமும் குச்சியைச் செருகுங்கள். நாலு குச்சியில் சதுரம், மூன்று குச்சியில் முக்கோணம். அழுத்திப் பாருங்கள். சதுரம் சாயும், முக்கோணம் சாயாது. லயத்துக் கூரையின் மரச்சட்டம் ஏன் முக்கோணமாக இருக்கிறது என்று இனிப் பிள்ளையே உங்களுக்குச் சொல்லும்.

ஒன்றை மட்டும் தொடாதீர்கள். புல்லுக்கும் பூச்சிக்கும் அடிக்கும் மருந்துக் கேன், மருந்துப் போத்தல், மருந்துப் பை எதையும் கைவேலைக்கு எடுக்க வேண்டாம். எத்தனை தரம் கழுவினாலும் நஞ்சு நஞ்சுதான்.

நம் மாத்தளை மாவட்டத்தின் பல்லே ஹபுவித கிராமம் அரக்கு வேலைக்குப் பேர் போனது. இளகிய அரக்கை நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தாலேயே மரத்தில் கோலம் பதிப்பார்கள். அங்கே நகம்தான் கருவி. ரப்பர் மரத்தில் ஆழம் பிசகாமல் பட்டை சீவும் கையும் சாதாரணக் கை அல்ல. "எனக்குப் படிப்பு வராது, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பேன்" என்று எந்த அம்மாவும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

சங்கத்தின் சார்பில் மூன்று கோரிக்கைகள். ஒன்று, ஒவ்வொரு லயத்திலும் ஒரு பெட்டி வையுங்கள். சவர்க்காரப் பெட்டி, தீப்பெட்டி, கழுவிய சிரட்டை, யோகட் கோப்பை, தையல்காரர் வெட்டிப்போட்ட துணி எல்லாம் அதில் சேரட்டும். இரண்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். வீட்டில் இருக்கும் பொருளையே கேட்க வேண்டும் என்று அங்கே எழுந்து பேசுங்கள். ஆசிரியராக நானும் உங்களோடு நின்று பேசுவேன். மூன்று, கட்டாயம் வாங்க வேண்டிய பொருள் என்றால் அதைப் பாடசாலை தர வேண்டும் என்று கேட்போம். வீட்டில் பசை காய்ச்சுகிறோம் என்பதற்காக நம் உரிமைகளை விட்டுவிட மாட்டோம். சம்பளக் கோரிக்கையும் அப்படியே நிற்கிறது.

அடுத்த கைவேலை நாளில் நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்றுகூட வீட்டில் நிற்கக் கூடாது. அதற்கு இன்றிரவே ஒரு கரண்டி மா எடுத்து வையுங்கள்.